பள்ளியை எதைக் கொண்டு அளப்பது என்று சட்டம் சொல்லட்டும்: சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்புக்குக் கணிதம் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். உங்களிடம் ஒரு சட்டம் கேட்டு இதை எழுதுகிறேன். பொதுத்தேர்வின் தேர்ச்சி விகிதத்தைக் காட்டி ஒரு பள்ளியையோ, தலைமை ஆசிரியரையோ, பாட ஆசிரியரையோ எடைபோடக் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்ல வேண்டும். அப்படியானால் வேறு எதைக் கொண்டு அளப்பது, யார் அளப்பது, அளந்த பிறகு யார் என்ன செய்ய வேண்டும் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். அரசாணை இதற்குப் போதாது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

2025-இல் பிளஸ் டூ தேர்ச்சி 95.03 சதவீதம். பத்தாம் வகுப்பில் 93.80 சதவீதம். இந்த எண்கள் வகுப்பறைக்குள் எப்படி உருவாகின்றன என்பதை நீங்கள் முதலில் அறிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

பத்தாம் வகுப்புக் கணிதத் தாளை எடுத்துக்கொள்வோம். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இரண்டு மதிப்பெண்ணில் பத்தும், ஐந்து மதிப்பெண்ணில் பத்தும் எழுத வேண்டும். கடைசிப் பகுதியில் எட்டு எட்டாக 16 மதிப்பெண்: ஒன்று செய்முறை வடிவியல், இன்னொன்று வரைபடம். தேர்ச்சிக்கு 35 எடுத்தால் போதும். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பள்ளிகளில் ‘மெல்லக் கற்போர்’ பட்டியல் தயாராகிவிடும். அந்தப் பட்டியலில் பெயர் வந்துவிட்ட பிள்ளைக்கு அதன் பிறகு பாடம் கிடையாது, பயிற்சிதான். வட்டத்துக்குத் தொடுகோடு வரைவது, வடிவொத்த முக்கோணம் வரைவது, கிராஃப் தாளில் அளவுத்திட்டம் எழுதிப் புள்ளி வைத்து இணைப்பது. காலையில் ஒரு முறை, மாலை ஸ்பெஷல் கிளாஸில் ஒரு முறை. இரண்டு மாதத்தில் கை பழகிவிடும். 16-க்குப் பக்கத்தில் வந்துவிடும். ‘புக் பேக்’ ஒரு மதிப்பெண் வினாக்களை விடையோடு மனப்பாடம் செய்தால் எட்டோ பத்தோ தேறும். இரண்டு மதிப்பெண் பகுதியில் கார்ட்டீசியன் பெருக்கல் போல எதிர்பார்க்கத்தக்க நான்கைந்து கணக்குகளைப் பழக்கிவிட்டால் 35 தாண்டிவிடலாம். இதற்கென்றே மாவட்டத்துக்கு மாவட்டம் ‘மினிமம் மெட்டீரியல்’ அச்சாகிறது.

தேர்ச்சி பெற்ற அந்தப் பிள்ளையிடம் முக்காலையும் மூன்றில் இரண்டு பங்கையும் கூட்டச் சொல்லிப் பாருங்கள். பலருக்கு வராது. ஐந்தாம் வகுப்பில் தவறிப்போன பின்னம் பத்தாம் வகுப்பு வரை கூடவே வருகிறது. யாரும் திரும்பிப் போய் அதைச் சொல்லித் தருவதில்லை, நேரம் இல்லை. பிளஸ் ஒன்னில் கணிதமோ வணிகவியலோ எடுத்தபின் அது பிள்ளையின் காலை இடறுகிறது.

இந்தப் பயிற்சியைக் கொடுக்கும் ஆசிரியரை நான் குறை சொல்ல மாட்டேன். பத்தாம் வகுப்பில் தோற்றுப்போன ஏழைப் பிள்ளைக்கு எத்தனை கதவுகள் மூடிக்கொள்கின்றன என்று அவருக்குத் தெரியும். அவர் அந்தப் பிள்ளையை எப்படியாவது அக்கரை சேர்க்கப் பார்க்கிறார். என் ஆதங்கம் அவர்மீது அல்ல. அந்த 35-ஐக் கற்றலின் அடையாளமாக எடுத்துக்கொண்டு, அதை வைத்துப் பள்ளிகளை வரிசைப்படுத்தி, அந்த வரிசையை வைத்துக் கேள்வி கேட்கும் ஏற்பாட்டின் மீதுதான்.

அடுத்தது, விகிதத்தின் கீழ் எண். தேர்ச்சி விகிதம் தேர்வெழுத வந்தவர்களை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 2023 மார்ச்சில் பிளஸ் டூ மொழித்தாள் அன்று 50,000-க்கும் மேற்பட்டோர் தேர்வுக்கு வரவில்லை என்ற செய்தி வந்தபோது மாநிலமே அதிர்ந்தது நினைவிருக்கும். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பள்ளி மாணவர்கள். மே மாதம் முடிவு வந்தது: எழுதியவர்கள் 8,03,385 பேர், தேர்ச்சி பெற்றவர்கள் 7,55,451 பேர், 94.03 சதவீதம். வராமற்போன பிள்ளைகள் அந்தக் கணக்கில் எங்குமே இல்லை. அவர்களையும் சேர்த்திருந்தால் விகிதம் 90-க்குக் கீழே இறங்கியிருக்கும். இது ஒரே ஆண்டின் இழப்பு மட்டும்தான். ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்து, பத்தாம் வகுப்புத் தேர்வு அறைக்கே வராமல் உதிர்ந்தவர்களை எந்த முடிவு அறிக்கையும் சொல்வதில்லை.

உதிர்வது எல்லாம் தானாக நடப்பதும் இல்லை. ஒன்பதாம் வகுப்பு முடிவில் பெற்றோரைக் கூப்பிட்டு, “உங்க பையனுக்குப் படிப்பு ஏறலை, டி.சி. வாங்கிக்கிட்டு வேற எங்கயாவது சேருங்க, இல்லைன்னா பிரைவேட்டா எழுதட்டும்” என்று சொல்லும் பள்ளிகளை நான் அறிவேன். தனியார் பள்ளிகளில் இது வெளிப்படையாக நடக்கிறது. அரசுப் பள்ளிகளில் நடக்கவே இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. படிப்பு வராத ஒரு பிள்ளையை விட்டுவிட்டால் பள்ளிக்கு நூறு சதவீதம், வைத்துக்கொண்டால் மீளாய்வுக் கூட்டத்தில் அவமானம். எவ்வளவு நல்ல தலைமை ஆசிரியரையும் ஒருநாள் தடுமாற வைக்கும் கணக்கு இது. தோற்கக்கூடிய பிள்ளைகளை விடாமல் பிடித்து வைத்திருக்கும் பள்ளிதான் இந்த மாநிலத்தின் சிறந்த பள்ளி என்பது என் கருத்து. இப்போதைய அளவுகோலில் அந்தப் பள்ளிதான் பட்டியலின் அடியில் கிடக்கிறது.

மீளாய்வுக் கூட்டம் எப்படி நடக்கும் என்பதும் சொல்லவேண்டிய செய்தி. தேர்ச்சி குறைந்த பள்ளிகளின் பெயர்களைத் திரையில் ஒவ்வொன்றாகப் போடுவார்கள். தலைமை ஆசிரியர் எழுந்து நிற்க வேண்டும். பாட ஆசிரியரிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்பார்கள். 17-ஏ, அதாவது ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணை, வரும் என்ற பயம் அறை முழுக்க இருக்கும். நான் இருந்த ஒரு கூட்டத்தில் ஆங்கிலத்தில் தேர்ச்சி குறைந்ததற்குக் காரணம் கேட்டார்கள். அந்தத் தலைமை ஆசிரியர் எழுந்து, அந்த ஆண்டு பெரும்பகுதி தம் பள்ளியில் ஆங்கில ஆசிரியரே இல்லை என்றார். “அதெல்லாம் காரணம் ஆகாது சார், உட்காருங்க” என்று பதில் வந்தது. இல்லாத ஆசிரியருக்கு யார் விளக்கம் எழுதுவது? பணியிடத்தை நிரப்பாதவரிடம் விளக்கம் கேட்க எங்கே கூட்டம் போடுவது?

இதற்குச் சட்டத்தில் ஏற்கெனவே ஒரு பிடி இருக்கிறது. 2009-இன் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, ஒரு பள்ளியில் ஆசிரியர் காலியிடம் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. 24-ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது: பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும், ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் கணித்துத் தேவையானவர்களுக்குக் கூடுதலாகக் கற்பிக்க வேண்டும். 27-ஆம் பிரிவு, பத்தாண்டுக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய பணிகள் தவிர வேறு எதற்கும் ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. அரசுக்கு ஒரு கடமை, ஆசிரியருக்கு ஒரு கடமை என்று இரு பக்கமும் எழுதப்பட்ட சட்டம் அது. நடைமுறையில் கேள்வி ஒரு பக்கத்தை நோக்கித்தான் போகிறது. (மாணவர், ஆசிரியர் தகவல்களைச் சேர்க்கும் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் விவரங்களைப் பதிவேற்றவே வகுப்பு நேரம் போகிறது என்று ஆசிரியர்கள் எத்தனையோ முறை முறையிட்டிருக்கிறார்கள். அது தனி மடலுக்கான விஷயம்.)

தேர்வு மதிப்பெண்ணைப் பள்ளியின் தலைமேல் கத்தியாகத் தொங்கவிட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா பெரிய விலை கொடுத்துக் கற்றது. 2002-இல் கையெழுத்தான ஒரு கூட்டாட்சிச் சட்டம் மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் தேர்வு வைக்கச் சொன்னது. 2014-க்குள் எல்லாப் பிள்ளைகளும், அதாவது நூற்றுக்கு நூறு பேரும், வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்ச்சி நிலையை எட்ட வேண்டும் என்றது. எட்டாத பள்ளிக்குத் தண்டனை. அட்லாண்டா நகரில் ஆசிரியர்களே மாணவர்களின் விடைத்தாளில் தவறான விடையை அழித்துச் சரியானதைக் குறித்தார்கள். 2011-இல் வெளியான ஜார்ஜியா மாநில விசாரணை அறிக்கை, 44 பள்ளிகளில் 178 ஆசிரியர்களும் பள்ளி முதல்வர்களும் இதில் ஈடுபட்டதாகச் சொன்னது. 2015-இல் 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அதே ஆண்டு டிசம்பரில் அந்தக் கூட்டாட்சிச் சட்டமும் வேறொரு சட்டத்துக்கு வழிவிட்டது. 100 சதவீதம் என்ற இலக்கை நாம் இன்னும் மேடை போட்டுப் பாராட்டிக்கொண்டிருக்கிறோம்.

அதே நாட்டில் நாம் பார்த்துக் கற்கவேண்டிய வேறொன்றும் இருக்கிறது. 1969 முதல் தேசியக் கல்வி முன்னேற்ற மதிப்பீடு என்ற ஒன்று நடக்கிறது. மாதிரியாகத் தேர்ந்தெடுத்த பள்ளிகளில், தேர்ந்தெடுத்த மாணவர்கள் மட்டும் எழுதுவார்கள். ஒரு மாணவருக்கு மொத்த வினாக்களில் ஒரு பகுதிதான் வரும். எந்தப் பிள்ளைக்கும் மதிப்பெண் கிடையாது, எந்தப் பள்ளியின் பெயரும் வெளியே வராது. அதனால் அதற்காக யாரும் ஸ்பெஷல் கிளாஸ் வைப்பதில்லை, யாருக்கும் ஏமாற்றத் தோன்றுவதில்லை. மாநிலத்தின் பிள்ளைகள் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்பது மட்டும் உள்ளபடி தெரிந்துவிடுகிறது. காய்ச்சலைப் பார்க்கும் வெப்பமானி நோயாளியை அடிக்கும் கோலாக இருந்தால், யாரும் அதை வாயில் வைக்க மாட்டார்கள்.

நம்மிடமும் இதற்கான தொடக்கம் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் 3, 5, 8 வகுப்புகளுக்கு மாநில அடைவுத் தேர்வு நடந்தது. தொடக்க வகுப்புகளில் அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் உறுதிசெய்யும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022-இல் வந்தது. 2025-இல் 6 முதல் 9 வரையிலான வகுப்புகளுக்குத் ‘திறன்’ வந்தது. எட்டாம் வகுப்புக்கு வந்த பிள்ளைக்கும் அடிப்படை வாசிப்பும் கணக்கும் மறுபடி சொல்லித் தரவேண்டியிருக்கிறது என்பதை அரசே ஒப்புக்கொண்ட திட்டம் அது. அந்த நேர்மையை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் இவை எல்லாம் திட்டங்கள். அடைவுத் தேர்வுக்கும் மாதிரி வினாத்தாள் கொடுத்துப் பழக்கும் வேலை தொடங்கிவிட்டதாக இன்று பணியில் இருக்கும் நண்பர்கள் சொல்கிறார்கள். மாவட்டங்களை முதலிடம், கடைசி இடம் என்று பிரித்துப் பேசத் தொடங்கினால் பொதுத்தேர்வுக்கு நேர்ந்ததுதான் இதற்கும் நேரும்.

சட்டம்தான் வேண்டும் என்பதற்கு வருகிறேன். அரசாணையின் ஆயுள் எவ்வளவு என்று கடந்த சில ஆண்டுகளைப் பார்த்தாலே தெரியும். 2019-இல் கட்டாயக் கல்விச் சட்டத்தில் திருத்தம் வந்து, 5, 8 வகுப்புகளில் தேர்வு வைக்கவும் பிள்ளைகளை அதே வகுப்பில் நிறுத்தவும் அரசுகளுக்கு அதிகாரம் கிடைத்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் இங்கே 5, 8 வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று ஆணை போட்டார்கள். பத்து வயதுப் பிள்ளைகள் பொதுத்தேர்வு என்ற சொல்லைக் கேட்டுப் பயந்தார்கள், எதிர்ப்பு எழுந்தது, 2020 பிப்ரவரியில் ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2017-18-இல் வந்தது. 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கையோடு போனது. வந்ததும் ஓர் ஆணையில்தான், போனதும் ஓர் ஆணையில்தான். நாளை வேறொரு ஆட்சியில், வேறொரு செயலாளர் கையெழுத்தில், எதுவும் திரும்பி வரலாம்.

சட்டம் அப்படிக் கலைந்துவிடாது என்பதற்கும் நம் மாநிலத்திலேயே சாட்சி உண்டு. 2010-இல் இந்த அவை சமச்சீர்க் கல்விச் சட்டத்தை இயற்றியது. 2011-இல் ஆட்சி மாறியதும் அதைத் தள்ளிப்போட ஒரு திருத்தச் சட்டம் வந்தது. உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்த ஆகஸ்ட் 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் சமச்சீர்க் கல்வியை நடைமுறைப்படுத்தச் சொன்னது. பிள்ளைகளின் உரிமையாக ஒன்று சட்டத்தில் ஏறிவிட்டால் அதை அசைப்பது எவ்வளவு கடினம் என்று அன்று கண்டோம். பொறியியல் நுழைவுத்தேர்வு ஒழிந்து இத்தனை ஆண்டுகள் திரும்பி வராமல் இருப்பதற்கும் 2006-இன் சட்டமே காரணம்.

கல்வி 1976-இன் 42-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு, நாடாளுமன்றமும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் இருக்கிறதே, நம்மால் முடியுமா என்று கேட்பீர்கள். 5, 8 வகுப்புகளில் பிள்ளைகளை நிறுத்துவதா வேண்டாமா என்ற முடிவை 2019 திருத்தமே உரிய அரசிடம் விட்டிருக்கிறது. நம் பாடத்திட்டப் பள்ளிகளை நாம் எப்படி மதிப்பிடுகிறோம், நம் ஊழியரை எதைக் கொண்டு விசாரிக்கிறோம் என்பது நம் கையில்தான் இருக்கிறது. நான் வழக்கறிஞன் அல்ல; சட்டத்துறையிடம் கேளுங்கள். முரண் இல்லாமல் எழுத இடம் இருக்கிறது என்றே நான் நம்புகிறேன்.

அந்தச் சட்டத்தில் நான் பார்க்க விரும்புவது இவை. பத்தாம் வகுப்புக்கு முன் எந்தப் பிள்ளைக்கும் பொதுத்தேர்வு கிடையாது என்பதைச் சட்டச் சொற்களில் எழுதுங்கள். தேர்ச்சி விகிதத்தைக் காரணம் காட்டி விளக்கமோ ஒழுங்கு நடவடிக்கையோ கேட்பதைத் தடை செய்யுங்கள். வகுப்புக்கு வராத, பாடம் நடத்தாத ஆசிரியர்மீது நடவடிக்கை எடுக்க வேறு விதிகள் தாராளமாக இருக்கின்றன. விகிதத்தை வெளியிடும்போது தேர்வெழுதியவர்களை மட்டும் எண்ணாமல், நான்காண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பிளஸ் டூவை முடித்தார்கள் என்பதையும் மாவட்டவாரியாக வெளியிடச் சொல்லுங்கள். ஒரு பிள்ளை டி.சி. வாங்கிப் போனால் அது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைத் துறை பின்தொடர வேண்டும். எமிஸ் எண் ஒவ்வொரு பிள்ளைக்கும் இருக்கும்போது இது முடியாத காரியம் அல்ல. அந்தத் தளம் இத்தனை பதிவுகளைக் கேட்பதற்கு இது ஒன்றாவது பயனாக இருக்கட்டும்.

பள்ளியைப் பற்றி எந்த எண் வெளியானாலும், அதே வரியில் அந்த ஆண்டு அந்தப் பள்ளியில் எந்தப் பாடத்துக்கு எத்தனை மாதம் ஆசிரியர் இல்லை என்பதும் வெளியாக வேண்டும். இந்த ஒரு விதி வந்தால் போதும், மீளாய்வுக் கூட்டங்களின் பேச்சே மாறிவிடும். 10 சதவீத வரம்பு இப்போது எட்டாம் வகுப்பு வரைதான் பொருந்துகிறது. அதைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை நம் சட்டத்தால் நீட்டலாம். வரம்பு மீறிய மாவட்டங்களின் பட்டியலைக் கல்வி அமைச்சர் ஆண்டுதோறும் இந்த அவையில் வைக்க வேண்டும். அப்போது கேள்வி கேட்பது நீங்களாக இருப்பீர்கள், எழுந்து நிற்பது தலைமை ஆசிரியராக இருக்காது.

கற்றல் நிலையை அறியும் ஆய்வு மாதிரி முறையில், முன்னறிவிப்பு இல்லாமல், பள்ளிக்கல்வித் துறைக்கு வெளியே உள்ள ஓர் அமைப்பால் நடக்க வேண்டும். தன் வேலையைத் தானே திருத்தி மதிப்பெண் போட்டுக்கொள்ளும் சங்கடம் துறைக்கு வேண்டாம். முடிவுகள் ஊராட்சி ஒன்றிய அளவுக்குக் கீழே வெளியாகக் கூடாது. பள்ளி பற்றிய விவரம் அந்தப் பள்ளிக்கும் அதன் மேலாண்மைக் குழுவுக்கும் மட்டும் போக வேண்டும். பின்தங்கிய ஒன்றியத்துக்குக் கூடுதல் ஆசிரியரும் பணமும் எத்தனை நாளில் போக வேண்டும் என்று காலக்கெடு வையுங்கள். அளந்து முடித்துக் கோப்பில் வைப்பதற்கு இது தேவையில்லை.

இந்த ஆய்வு 9, 11 வகுப்புகளுக்கும், அரசு, உதவிபெறும், தனியார் என எல்லாப் பள்ளிகளுக்கும் போக வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பிளஸ் ஒன் பொதுத்தேர்வு வந்ததற்கு நியாயமான காரணம் இருந்தது. பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலே பிளஸ் டூ பாடத்தை இரண்டு ஆண்டு ஓட்டின. பொறியியல் கல்லூரிக்குப் போன பிள்ளைகள் அடிப்படை தெரியாமல் முதல் பருவத்திலேயே விழுந்தார்கள். பதினாறு வயதில் மூன்று ஆண்டு தொடர்ந்து பொதுத்தேர்வு என்பது பிள்ளைகளைப் பிழிவதுதான். அதை எடுத்ததை வரவேற்கிறேன். எடுத்த இடத்தில் வேறு காவல் வைக்காவிட்டால் பழைய வழக்கம் திரும்பிவிடும். எந்த நாளும் ஆய்வாளர் வந்து பிளஸ் ஒன் வகுப்பில் முப்பது பிள்ளைகளிடம் பிளஸ் ஒன் கேள்விகளைக் கேட்கலாம் என்ற நிலை இருந்தால், பாடத்தைத் தாண்டிக் குதிக்கப் பள்ளி யோசிக்கும்.

தேர்ச்சிக் கெடுபிடி போய்விட்டால் ஆசிரியர்கள் சோம்பிவிடுவார்கள் என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். பெற்றோர் பலரும் அப்படி நினைக்கிறார்கள். இந்தப் பயத்தை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. பொறுப்பில்லாத ஆசிரியர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் கெடுபிடி அவர்களை ஒருநாளும் திருத்தியதில்லை. அவர்கள் மினிமம் மெட்டீரியலை நகலெடுத்துக் கொடுத்துவிட்டுத் தப்பித்துக்கொண்டார்கள். கெடுபிடியில் நொந்துபோனவர்கள், பின்னம் வராத பிள்ளையை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க விரும்பி, நேரம் கிடைக்காமல் தவித்தவர்கள்தான். 2012-இல் வந்த தொடர் மதிப்பீட்டு முறையில், வகுப்பிலேயே ஆசிரியர் செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் வைத்தார்கள். நல்ல யோசனை. மேலிருந்து எண்ணைக் கேட்டார்கள், கீழே எண்ணை எழுதிக் கொடுத்தார்கள். எந்தப் பதிவேட்டைத் திறந்தாலும் 36, 38 என்று நிறைந்திருந்தது. எண்ணுக்குப் பயந்தால் எண்தான் கிடைக்கும் என்பதை ஒவ்வொரு பள்ளி அலுவலகத்து அலமாரியும் சொல்லும்.

மாநில ‘ரேங்க்’ அறிவிப்பதை 2017-இல் நிறுத்தியபோதும் போட்டி செத்துவிடும் என்றார்கள். பிள்ளைகள் படிப்பதை நிறுத்திவிடவில்லை. முதல் மதிப்பெண் எடுத்த ஒரு பிள்ளையின் வீட்டு வாசலில் கேமராக்கள் குவிவது நின்றது, அவ்வளவுதான். பள்ளிகளின் விளம்பரத் தட்டிகளில் சென்டம் எண்ணிக்கை இன்னும் தொங்குகிறது; மாணவர் படத்தையும் மதிப்பெண்ணையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதை இந்தச் சட்டமே தடுக்கலாம்.

உங்களிடம் நான் வேண்டுவது இதுதான். வரும் கூட்டத்தொடரில் கட்சி வேறுபாடின்றி, மசோதாவை ஆராய உறுப்பினர்களின் தெரிவுக் குழு ஒன்றை அமையுங்கள். மசோதாவின் வரைவைத் தமிழில் வெளியிட்டு மூன்று மாதம் கருத்துக் கேளுங்கள். குழு சென்னையில் உட்கார்ந்து சங்கத் தலைவர்களையும் தாளாளர்களையும் மட்டும் கேட்டால் போதாது. தேர்ச்சிப் பட்டியலில் கடைசியில் இருக்கும் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களை வரவழைத்து, அவர்கள் சொன்னது அவர்கள்மீது திரும்பாது என்று எழுத்தில் உறுதி கொடுத்துவிட்டுக் கேளுங்கள். ஒன்பதாம் வகுப்போடு டி.சி. வாங்கிப் போன பிள்ளைகளின் பெற்றோரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். அதற்கு முன்பு, உங்கள் தொகுதியில் உள்ள ஒவ்வொரு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளியிலும் இன்றைய தேதிக்கு எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்ற பட்டியலை மாவட்டக் கல்வி அலுவலரிடம் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

மரியாதையுடன்,
ஓய்வுபெற்ற அரசுப் பள்ளிக் கணித ஆசிரியர் ஒருவர்